என் வீட்டுக்காரர் பல்லுக்கு வலை நூல்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பனிக்காலம் முடிகிற நேரத்து வெயில். உடம்பைச் சுடாது, ஆனால் எதையும் மறைக்காது. முக்காட்டை இறக்கிக்கொண்டு நான் படியிறங்கும்போது, கீழே என் வீட்டுக்காரர் இன்னாசி தன் அண்ணன் சொன்ன எதையோ கேட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

வெயில் நேராக அவர் வாய்க்குள் விழுந்தது. பல் இடுக்கெல்லாம் செம்பழுப்பு.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் அவர் துறைமுகத்து டாக்டர் முன்னால் போய் இதே வாயைத் திறக்க வேண்டும். ஈறு தேறியிருந்தால், வெற்றிலையை விட்டிருந்தால், கிரேன் டிரைவர் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அந்த வேலை லிஸ்டில் அடுத்த பெயருக்குப் போய்விடும். மூன்று மாதம் கொடுத்திருந்தார் அந்த டாக்டர். மூன்று மாதமும் அந்தப் பல்லை நான் காத்த காப்பு எனக்குத்தான் தெரியும்.

கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனேன்.

"வெத்தல போட்டியா?"

கோபம் வந்தால் என் பேச்சில் 'ங்க' பறந்துவிடும். அன்றைக்குக் கோயில் வாசல் என்றும் பார்க்காமல் பறந்தது.

"இன்னாமே சொல்ற? மெய்யாலுமே இல்ல," என்றார்.

"பொய் சொல்லாத. பல்லு சொல்லுது."

"பல்லு இன்னா சொல்லுது?" என்று அவர் விரலால் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். 'உங்கள் தொடரில் ஊரெல்லாம் பேசுகிறது, உங்கள் வீட்டுக்காரர் மட்டும் வாயே திறப்பதில்லையே' என்று கேட்டிருந்தார். திறப்பார் அம்மா. இந்த வாரம் முழுக்க அவர் வாய்தான்.

கண் பாஸ், காது பாஸ்

டாக்டர் அந்த மூன்று மாதத்தைக் கொடுத்தபோது எங்களுக்குக் கலியாணமாகி ஐந்து மாதம் இருக்கும். ராயபுரத்தில் கடற்கரையை ஒட்டிய ஒரு சந்தில் வரிசையாக ஆறு அறை. அதில் ஒன்றில் நாங்கள். பக்கத்து அறையில் அவருடைய அண்ணனும், என் ஓரகத்தி பிரகாசியும். அண்ணன் கடலுக்குப் போவார். இவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, குமட்டும். அதனால் துறைமுகத்தில் பத்லி ஆளாகக் கிரேனுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்லி என்றால், நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால் அந்த இடத்துக்குக் கூப்பிடுவார்கள். எல்லோரும் வந்துவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான். காலையில் டிபன் பாத்திரத்தைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, நான் சந்துப் பக்கம் காதை வைத்துக்கொண்டே வேலை செய்வேன். ஒன்பது மணிக்கு அவர் செருப்புச் சத்தம் கேட்டால் அன்றைக்கு வேலையில்லை. கட்டிக் கொடுத்த சோற்றை வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். தலை நிமிராது. அந்தச் செருப்புச் சத்தத்தை நான் வெறுத்தேன்.

கலியாணத்துக்கு முன்பிருந்தே சேர்த்து மூன்று வருடம் அப்படிப் போன பிறகு கிரேன் டிரைவர் வேலைக்கு அவர் பெயர் வந்தது. மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. கண் பாஸ், காது பாஸ், நெஞ்சு பாஸ். கடைசியில் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி ஈறை விரலால் அழுத்தினாராம். ரத்தமும் சீழும் வந்ததாம்.

"இந்தச் சீழ் தினமும் உள்ளே போயிட்டிருக்கு. மாசத்துல பாதி நாள் காய்ச்சல்னு படுப்பே. மேலே கிரேன்ல உட்கார்ந்து மயக்கம் போட்டா கீழே இருக்கிறவன் கதி என்ன? அன்ஃபிட்னு எழுதட்டுமா, மூணு மாசம் தரட்டுமா?"

இவர் மூன்று மாதம் வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே டாக்டர் சொன்ன நிபந்தனைகளும் வந்தன. கரி, சாம்பல், செங்கல் பொடி எதுவும் பல்லில் படக்கூடாது. காலையிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் பிரஷ். வெற்றிலை பாக்கு அறவே கூடாது. இதெல்லாம் போக, தினமும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் நூல் விட்டு எடுக்க வேண்டும். அதற்கு மாதிரியாக மெழுகு தடவிய பட்டு நூல் ஒரு சாண் கொடுத்திருந்தார்.

அதை என் கையில் வைத்துவிட்டு, "நீயே பாத்துக்கமே," என்று படுத்துவிட்டார். உப்புப் புளி வாங்கிவரச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார் மனிதர்.

குழாயடிப் பல்பொடிகள்

எங்கள் சந்துக் குழாயடியில் காலையில் நின்றால் உலகத்துப் பல்பொடியெல்லாம் பார்க்கலாம். ஒருவர் உமிக்கரி. ஒருவர் வெறும் உப்பு. கடல்நுரை என்கிற, கரையொதுங்கிய கணவாய் மீன் ஓட்டைப் பொறுக்கி வந்து இடித்து வைத்திருப்பார்கள் சிலர். பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை பார்த்தவர் ஒருவர் எஞ்சின் சாம்பலைச் சலித்து எடுத்துவந்து, மாவு மாதிரி இருக்கிறதென்று பெருமையாகத் தேய்ப்பார். அவருக்கு நாற்பது வயதில் பல் பாதிதான் மிச்சம். பொடி நன்றாக இருக்கிறது, பல்தான் மட்டம் என்பார்.

நான் மட்டும் என்ன பெரிய ஆள்? எர்ணாவூரில் எங்கள் அப்பா வீட்டில் ஆறு பிள்ளைகளுக்கும் அடுப்புக் கரிதான். வரிசையாக நின்று தேய்த்துவிட்டு, கறுப்பு எச்சிலை யார் தூரமாகத் துப்புவது என்று பந்தயம் நடக்கும். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். பல் சுத்தமாயிற்றா என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

இன்னாசி வீட்டுப் பழக்கம் செங்கல் பொடி. அதை ஆள்காட்டி விரலில் எடுத்து, துருப்பிடித்த சங்கிலியைத் தேய்ப்பதுபோலத் தேய்ப்பார். ரத்தம் வந்தால்தான் சுத்தம் என்று நினைத்திருந்தார். பல்வலி வந்தபோது டோல்கேட்டில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பல் பிடுங்குகிறவரிடம் போயிருக்கிறார். அந்த ஆள் முன்னால் ஒரு சிவப்புத் துணி. அதன்மேல் பிடுங்கிய பல் குவியல். அதுதான் அவருக்கு விளம்பரம். இவர் வாயைத் திறந்தார், அவர் குறட்டால் பிடித்து இழுத்தார். பக்கத்துப் பல் வந்துவிட்டது. கெட்ட பல் வாயிலேயே இருக்க, நல்ல பல் ஒன்று டோல்கேட்டில் சிவப்புத் துணிமேல் கிடந்தது.

"அப்பால இன்னா செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"அந்தாளு ரொம்ப வருத்தப்பட்டாரு. நான்தான் பரவால்லன்னு சொல்ட்டு வந்தேன்," என்றார்.

அந்த மாதிரி மனிதர் இவர்.

நான் வலை போட்ட காலை வேளைகள்

வண்ணாரப்பேட்டைக்கு நடந்துபோய் ஒரு பிரஷ் வாங்கி வந்தேன். எங்கள் சந்தில் அதுதான் முதல் பிரஷ். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமே இது, பூட்சு தொடைக்கிறதா?"

முதல் நாளே அதைச் செங்கல் பொடி பாணியில் தேய்த்து ரத்தம் வரவழைத்தார். பிடுங்கிக்கொண்டேன். என் கையை அவர் கைமேல் வைத்து, ஈறிலிருந்து பல் பக்கமாக, மெதுவாக, பிள்ளைக்குத் தலை வாருவதுபோல இழுக்கப் பழக்கினேன். ஒரு வாரத்தில் வந்துவிட்டது. இரவுச் சாப்பாடு முடிந்து அவர் பிரஷ்ஷோடு குழாயடிக்குப் போனால் சந்தே வேடிக்கை பார்க்கும்.

"இன்னா இன்னாசி, அதுக்குள்ள பொழுது விடிஞ்சிருச்சா?"

"ஒனக்கு விடியல மாமு. எனக்கு விடிஞ்சிகினு கீது," என்பார் வாய் நிறைய நுரையோடு.

பட்டு நூலுக்குத்தான் திண்டாட்டம். டாக்டர் கொடுத்த சாண் நூல் இரண்டு நாளில் நைந்துபோயிற்று. ஆனால் நூலுக்குப் பஞ்சமான இடமா அது? பிரகாசி அக்கா வாசலில் உட்கார்ந்து வலை பின்னுகிறவள். மடியில் எப்போதும் வெள்ளைப் பருத்தி நூல் கண்டு இருக்கும். முழு நூல் பல் நடுவே போகாது. முறுக்கைப் பிரித்து இரண்டு இழை மட்டும் எடுத்து, மாதா படத்துக்கு முன்னால் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டில் நாலு தரம் இழுத்தால் டாக்டர் நூல் தோற்றது.

அவரே செய்துகொள்ளலாம்தான். ஆனால் அந்த விரல்களில் கிரீஸ் ரேகை ரேகையாக ஏறியிருக்கும். சோப்பு போட்டாலும் போகாது. அந்த விரலைப் பல்லுக்குள் விடுவதற்குப் பல் விளக்காமலே இருக்கலாம். அதனால் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன், சிம்னி விளக்கு வெளிச்சத்தில், அவர் தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொள்வார். நான் நூல் விடுவேன்.

முதல் நாள் எட்டு இடத்தில் ரத்தம். துள்ளிவிட்டார்.

"இன்னாமே, நான் இன்னா மீனா? வாய்க்குள்ள வலை போட்டுகினு கீற?"

"ஆடாத. ஆடினா நூலு சிக்கிக்கும்."

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதமாக எங்கள் இரண்டு பேருக்கும் பேச எதுவும் கிடைத்ததில்லை. அவர் வாய் திறக்காத மனிதர். நானோ புது மருமகள் என்று அடக்கி வாசித்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் வாயில் என் விரல் இருக்கிறது, பதில் சொல்ல வழியில்லை. எனக்கு வசதியாகப் போயிற்று. எர்ணாவூர்க் கதையெல்லாம் சொன்னேன். என் அம்மாவோடு நான் போட்ட சண்டையெல்லாம் சொன்னேன். அவர் "ங்ஙா" என்பார், "ங்ஙூ" என்பார், சில சமயம் சிரிப்பு வந்து நூலைக் கடித்துவிடுவார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது அந்தக் கால்மணி நேரத்தில்தான். இதைச் சொல்ல இப்போது எனக்கு என்ன வெட்கம்?

காதர் பாய் கடையடைப்பு

வெற்றிலை விஷயம் பிரஷ் மாதிரி சுலபமில்லை. நாளைக்குப் பத்துத் தரம் போடுகிற ஆள். திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குத் திரும்புகிற முனையில் காதர் பாய் கடை. இவர் அந்தக் கடையின் நல்ல வாடிக்கை, பாயின் தோஸ்தும்கூட. நான் நேராகப் போய் நின்றேன்.

"பாய், இன்னும் மூணு மாசத்துக்கு இவரு வந்து கேட்டா வெத்தல இல்லன்னு சொல்டுங்க."

பாய் பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கடை நெறைய வெத்தலய வெச்சிகினு இல்லன்னு எப்டிம்மா சொல்றது?"

விஷயத்தைச் சொன்னேன். பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். அப்புறம், "பேஜாரு புடிச்ச வேலயா கீது. சரி தங்கச்சி. எங்கடைல மட்டும் இல்ல, இந்த ரோட்டுலயே எவனும் குடுக்க மாட்டான்," என்றார்.

சொன்னபடி டோல்கேட் வரைக்கும் எல்லாக் கடையிலும் சொல்லி வைத்துவிட்டார். இன்னாசி போய் நின்றால் ஒரே ஒரு கிராம்பு கொடுப்பார். அதை மென்றுகொண்டு பத்து நாள் மனிதர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் பழகிப்போயிற்று. ஒரு மாதத்தில் ஈறு வீக்கம் வடிந்தது. இரண்டாம் மாதம் நூலில் ரத்தம் படுவது நின்றது. வாய் நாற்றம் போயிற்று. அந்தச் சந்தோஷம் முழுக்க எனக்குத்தான்.

இந்த நிலைமையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அந்தக் கறை.

நாக்கை நீட்டு

கோயிலிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே பாய் கடைக்குத்தான் நடந்தேன். பின்னால் இன்னாசி. அவருக்குப் பின்னால் அண்ணன், பிரகாசி அக்கா.

"இன்னா பாய், இப்டி பண்ட்டீங்க? ஒங்கள நம்பித்தானே வுட்டேன்."

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. இன்னாசியின் கன்னத்தைப் பிடித்துப் பல்லைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அல்லா மேல ஆணயா நான் குடுக்கல தங்கச்சி."

"அப்ப வேற எவன் குடுத்தான்?"

பாய் பலகையை விட்டு இறங்கினார். வெற்றிலை போட்டவர்கள் உதடு பார்த்துக்கொள்ளக் கடையில் ஒரு கண்ணாடி தொங்கும். அதைக் கழற்றி வெயிலைத் திருப்பி இன்னாசி வாய்க்குள் விட்டார்.

"நாக்க நீட்டு."

நீட்டினார். குழந்தை நாக்கு மாதிரி வெளிர்ச் சிவப்பு.

"ஒதட்ட மடி."

மடித்தார். ஒரு பொட்டுக் கறை இல்லை.

பாய் கண்ணாடியை இறக்கினார். "முப்பது வருசமா வெத்தல விக்கிறேன். வெத்தல போட்டவன் நாக்கு செவக்காம பல்லு மட்டும் செவந்து நான் பாத்ததில்ல. அதுவும் பாரு, பல்லு மேல ஒண்ணுமே இல்ல. சந்து சந்தா கோடு போட்டாப்ல கீது. இது வெத்தல இல்ல. யாரோ நடுவுல எத்தயோ வுட்டுத் தேச்சிகீறாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் நூலுதான் வுட்டேன்," என்றேன்.

"இன்னா நூலு?"

பிரகாசி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிப்பாவி, நான் அப்பவே கேட்டேனே," என்றாள்.

கேட்டாள்தான். பருத்தி வலையை அப்படியே கடலில் போட்டால் சீக்கிரம் அழுகிவிடும். அதற்காக மரப்பட்டையை அண்டாவில் கொதிக்க வைத்து, அந்தச் சாயத்தில் வலையை ஊறப்போட்டுக் காயவைப்பார்கள். கிழிந்த இடத்தைத் தைக்க நூலையும் சாயத்தில் முக்கி வைத்துக்கொள்வார்கள். மெடிக்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்கு வெள்ளை நூல் தீர்ந்தது. அக்கா புதுக் கண்டை எடுத்து நீட்டினாள். நான்தான் வேண்டாமென்று சாய நூலைக் கேட்டு வாங்கினேன். பல்லுக்குச் சாய நூல் எதுக்குடி என்று அவள் அப்போதே கேட்டாள். உப்புத் தண்ணீரில் கிடக்கிற வலையையே அழுகாமல் காக்கிற சாயம், பல்லைக் காக்காதா? கடைசி வாரம் நல்ல காவலாக இருக்கட்டும் என்று, தினம் ஒரு வேளை விட்ட நூலை இரண்டு வேளை விட்டேன். அவர் துவர்க்கிறது என்று முகம் சுளித்தபோது, மருந்து என்றால் துவர்க்கத்தான் செய்யும் என்று அதட்டினேன். விளக்கு வெளிச்சத்தில் நிறம் தெரியவில்லை.

யாரும் சொல்லித் தரவில்லை. முழுக்க என் சொந்த மூளை.

கடை வாசலிலேயே அழுதுவிட்டேன். மூன்று மாதம் கிராம்பு மென்ற மனிதரைக் கோயில் வாசலில் வைத்துப் பொய்யன் என்றிருக்கிறேன். வேலையும் என்னால் போகப்போகிறது.

இன்னாசிக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த மனிதர் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கச் சிரிக்கக் கறை தெரிந்தது. அதைப் பார்த்து அண்ணன் சிரித்தார். பாயும் சிரித்தார். எனக்கு மட்டும் அழுகை நிற்கவில்லை.

கறையா, ரத்தமா

வீட்டுக்கு வந்ததும் பிரகாசி அக்கா எலுமிச்சம்பழமும் செங்கல் பொடியும் கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லா அழுத்தித் தேச்சா பூடும்டி. சாயந்தரத்துக்குள்ள வெள்ள வெளேர்னு ஆய்டும்."

போகும்தான். ஆனால் அந்தத் தேய்ப்புக்கு ஈறு கிழிந்து ரத்தம் வரும். கறையோடு போனால் வெற்றிலை போட்டான் என்பார் டாக்டர். ரத்தத்தோடு போனால் ஈறு ஆறவில்லை என்பார். எந்தப் பக்கம் போனாலும் அடுத்த பெயர்க்காரனுக்குக் கொண்டாட்டம்.

அவர் செங்கல் பொடியை விரலில் தொட்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். தட்டிவிட்டு எழுந்தார்.

"கறயோட போறேன்மே. நாம செஞ்சத சொல்றேன். நம்புனா நம்பட்டும். ரத்தத்தோட மட்டும் போ மாட்டேன். மூணு மாசம் நீ பட்ட பாட்ட நானே தேச்சிக் கலீஜ் பண்ண மாட்டேன்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

டாக்டர் அறையில் ஒரு சாட்சி

திங்கட்கிழமை காலையில் நாங்கள் கிளம்பும்போது சந்து முனையில் பாய் நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை, புதுத் தொப்பி. கடை மூடியிருந்தது. பெருநாளுக்குத் தவிர அந்தக் கடை மூடி நான் பார்த்ததில்லை.

"எங்க பாய்?"

"நானும் வரேன். வெத்தல விக்கிறவனே வந்து இவனுக்கு விக்கலன்னு சொன்னா டாக்டரு நம்ப மாட்டாரா?"

மூன்று பேரும் நடந்தே போனோம். கரிப்புகையும் மீன் வாடையும் கலந்த காற்று. தூரத்தில் கிரேன்கள் வரிசையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவரை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது. டாக்டர் குரல் நன்றாகவே கேட்டது.

"ஏம்ப்பா, அவ்வளவு சொல்லியும் வெத்தலை போட்டிருக்கியே?"

"இல்ல சார். அது வலை சாயம் சார்."

"வலை சாயத்தையா மென்னே?"

பேனா மூடி திறக்கிற சின்னச் சத்தம் கேட்டது. பக்கத்தில் திரும்பினால் பாயைக் காணோம். கூப்பிடாமலே உள்ளே போய்விட்டார்.

"சார், நான் காதர். வெத்தலக் கட வெச்சிகீறேன். மூணு மாசமா இவருக்கு ஒரு கிராம்புக்கு மேல எதுவும் குடுத்ததில்ல. வெளிய குந்திகினு கீற இவரு சம்சாரம் பல்லுக்குச் சாய நூல வுட்டதால வந்த கற இது. எழுதறதுக்கு முன்னால நாக்க நீட்டச் சொல்லிப் பாருங்க."

டாக்டர் சிரிக்கிற சத்தம் வந்தது. "அந்தம்மாவை உள்ளே வரச் சொல்லு," என்றார்.

உள்ளே போய் நின்றேன். டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து இன்னாசியின் ஈறோரமாகப் பல் பல்லாக வைத்துக்கொண்டு போனார். மேல் வரிசை முடிந்தது. கீழ் வரிசை. அந்தக் கம்பி நுனியைத் தவிர அந்த அறையில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஒரு துளி ரத்தம் வரவில்லை.

"நூல் இருக்கா?"

முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஈரப் பஞ்சில் தேய்த்துப் பார்த்தார். பஞ்சு பழுப்பாயிற்று.

"இதை எதுக்குப் போட்டே?"

"வலை அழுவாம கீதே சார், பல்லும் அழுவாதுன்னு நெனச்சேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெனச்சது தப்பு. செஞ்சது சரி. கறை இருக்கிற இடமெல்லாம் நூல் போயிருக்குன்னு அர்த்தம். ஒரு சந்து விடலை நீ. இவ்வளவு பேருக்குச் சொல்றேன், ஒருத்தர் செய்யறதில்லை. இனிமே வெள்ளை நூலே போடு. கறையை நானே எடுத்து விடறேன், அடுத்த வாரம் வரட்டும்."

எழுதினார். ஃபிட். அந்த ஒரு வார்த்தை எனக்கு இங்கிலீஷிலேயே புரிந்தது.

கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நீ நூல் போடறியாம்மா?" என்றார்.

"எனக்கெதுக்கு சார்? எனக்கு யாரு கிரேன் குடுக்கப் போறாங்க?" என்றேன். பாய் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். இன்னாசி சிரிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம்

அன்றைக்குப் பாய் கடையில் சந்துக்காரர்களுக்கெல்லாம் வெற்றிலை. அதைச் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு எல்லோரும் இன்னாசியின் முதுகில் தட்டினார்கள். அவருக்கு மட்டும் கிராம்பு. பிரகாசி அக்கா வஞ்சிரம் பொரித்துக் கொண்டுவந்தாள். சாய நூலைப் பற்றி அவள் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல என் மூளை இன்னும் மோசமாகிக்கொண்டே போயிற்று.

விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினால் இன்னாசியைக் காணோம். குழாயடியில் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு, அப்புறம் மண்ணெண்ணெய், மறுபடி சோப்பு. தேங்காய் நாரை எடுத்து நகத்தடியில் தேய்த்தார். கால்மணி நேரத்துக்குமேல் இருக்கும். உள்ளே வந்தபோது விரலெல்லாம் சிவந்து, நகம் வெளுத்திருந்தது. கையில் அக்காவிடம் வாங்கிய வெள்ளை நூல். இழை பிரித்து மெழுகும் தடவியிருந்தார்.

"குந்துமே."

"எதுக்கு?"

"குந்து. தலய இப்டி வை."

"எனக்கு எதுக்குங்க? வெளயாடாதீங்க."

"வாயத் தொற."

அவர் முழங்காலில் தலையை வைத்தேன். எனக்குச் சிரிப்பும் கூச்சமும் தாங்கவில்லை. வாசலில் பிரகாசி அக்கா பார்த்துவிடுவாளோ என்றிருந்தது. தடித்த விரல், மெல்லிய நூல். முதல் இரண்டு பல்லுக்கு நடுவே உள்ளே போனதும் சுரீரென்றது. நூலை வெளியே எடுத்து விளக்குப் பக்கம் பிடித்தார். நூல் சிவப்பாக இருந்தது.

அவர் முகத்திலிருந்த சந்தோஷமெல்லாம் போய்விட்டது.

"ஒனக்கும் ரத்தம் வருதே. சொல்லவேயில்லையே நீ."

"எனக்கே தெரியாதுங்க," என்றேன்.

உண்மையாகவே தெரியாது. பிறந்ததிலிருந்து என் வாய்க்குள் யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியினால் என்று அவர் நினைத்துக்கொண்டு கையை எடுக்கப் பார்த்தார். நான் அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

"வாய மூடாத. இன்னும் நெறய கீது," என்றார்.

கடைசிப் பல் வரைக்கும் அவர் என்னை விடவில்லை.